பாட்காஸ்ட்ல காசு வருமா? – ஒரு மாமல்லபுரம் கணக்கு

போன மாசம் அர்ச்சுனன் தபசுக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஒரு அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். மாமல்லபுரத்தில் உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தமிழ், ஆங்கிலம், கொஞ்சம் பிரெஞ்சு மூன்றிலும் அந்தப் பாறையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார், அலுக்காது. போனை நீட்டி ஒரு விளம்பரத்தைக் காட்டினார். மூன்று மாத ஆன்லைன் பயிற்சி. "பாட்காஸ்ட் தொடங்குங்கள், மாதம் ஒரு லட்சம் சம்பாதியுங்கள்." கட்டணம் 35,000 ரூபாய். இன்றைக்குள் கட்டினால் தள்ளுபடியாம்.

"நீ கம்ப்யூட்டர் ஆள், சொல்லு தம்பி. இதுல நெஜமாவே காசு வருமா?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. 2020 மார்ச்சில் நினைவுச் சின்னங்களை மூடியபோது அவருடைய வருமானம் ஒரே நாளில் நின்றது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. முட்டி வலி வேறு. வெயில் காலத்தில் ஐந்து ரதத்திலிருந்து கடற்கரைக் கோயில் வரை முன்பு மாதிரி நடக்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்தில் பேசிச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் மனசு அங்கே போகத்தானே செய்யும்?

"ஒரு வாரம் டைம் குடுங்கண்ணே, அதுவரைக்கும் பணம் கட்டாதீங்க" என்றேன். அந்த ஒரு வாரத்தில் படித்ததும் கணக்குப் போட்டதும்தான் இந்தப் பதிவு.

முதலில், கல்லாப்பெட்டி எங்கே?

பாட்காஸ்ட் என்பது தொழில்நுட்பமாகப் பார்த்தால் ரொம்ப எளிய விஷயம். ஒரு எம்பி3 கோப்பு. அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு ஆர்எஸ்எஸ் பட்டியல் (அரசியல் இல்லை, இணையத்தில் புதிய பதிவுகளை அறிவிக்கும் பழைய முறை). அந்தப் பட்டியலில் ஒலிக்கோப்பை இணைக்கும் வசதியை டேவ் வைனர் கொண்டுவந்தார். 2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில்தான் பாட்காஸ்டிங் என்ற சொல் முதலில் வந்தது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை. நீங்கள் கோப்பை வைக்கிறீர்கள், உலகத்தில் உள்ள எந்த ஆப்பும் அதை எடுத்துக்கொள்ளும்.

இதில் நடுவில் முதலாளி யாரும் இல்லை. அதனால் உங்களை யாரும் தடுக்க முடியாது. அதே காரணத்தால் உங்களுக்குச் சம்பளம் தரவும் யாரும் இல்லை. யூடியூபில் கல்லாப்பெட்டி கூகுளிடம் இருக்கிறது, அவர்கள் எண்ணிப் பங்கு தருகிறார்கள். பாட்காஸ்ட்டில் கல்லாப்பெட்டியே கிடையாது. அதை நீங்கள்தான் செய்து வைக்க வேண்டும்.

எந்த வழியாக வந்தாலும் அந்தப் பெட்டியில் பணம் போடக்கூடியவர்கள் நாலே பேர்தான். விளம்பரதாரர், தளம், கேட்பவர், உங்களிடம் வேறு ஏதாவது வாங்குபவர். ஒவ்வொருவராகப் பார்ப்போம். கணக்குக்காக, அண்ணனின் பாட்காஸ்ட்டை வாரம் ஒரு அத்தியாயம், அத்தியாயத்துக்கு 2,000 பேர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தமிழில், வரலாறு பேசும் புது நிகழ்ச்சிக்கு 2,000 என்பதே தாராளமான எண். அது சுலபமாக வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒன்று: ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற விளம்பரம்

பாட்காஸ்ட் விளம்பரம் ஆயிரம் டவுன்லோடுக்கு இவ்வளவு என்ற கணக்கில் விற்கப்படுகிறது. அமெரிக்கச் சந்தையில் 60 நொடி விளம்பரத்துக்கு ஆயிரத்துக்குச் சுமார் 20 முதல் 25 டாலர். 2,000 டவுன்லோடுக்கு 20 டாலர் வீதம் போட்டால் 40 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 3,400 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது அமெரிக்கக் காதுக்கு அமெரிக்கக் கம்பெனி தரும் விலை. தமிழில் அதில் பத்தில் ஒரு பங்கு கிடைக்கிறது என்று வைப்போம் (இது என் அனுமானம்தான்). அத்தியாயத்துக்கு 340 ரூபாய், மாதம் நான்கு அத்தியாயத்துக்கு 1,360 ரூபாய்.

அந்த 1,360 கூட யாராவது விளம்பரம் தந்தால்தான். ஆயிரத்துக்குக் கணக்குப் போடும் விளம்பர நிறுவனங்கள் பெரும்பாலும் பல ஆயிரம் டவுன்லோடு உள்ள நிகழ்ச்சிகளைத்தான் எட்டிப் பார்க்கும்.

டவுன்லோட் என்றால் என்ன என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இணைய விளம்பரத் துறையின் அமைப்பான ஐஏபி, 2017-ல் வெளியிட்ட அளவீட்டு விதிப்படி, குறைந்தது ஒரு நிமிட ஒலி இறங்கியிருந்தால்தான் அது ஒரு டவுன்லோட். 24 மணி நேரத்துக்குள் ஒரே ஐபி முகவரியிலிருந்து, ஒரே வகை ஆப்பிலிருந்து திரும்ப வந்தால் அதையும் ஒன்றாகவே எண்ண வேண்டும். திருட்டுக் கணக்கைத் தடுக்க நல்ல விதி. ஆனால் ஒரு ஹாஸ்டல் வைஃபையில் பத்து மாணவர்கள் ஒரே மாதிரி போனில், ஒரே ஆப்பில் கேட்டால், அவர்கள் பத்துப் பேரும் ஒருவராகிவிட வாய்ப்பிருக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. 2023-ல் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 17-ல், கேட்காமல் விட்ட நிகழ்ச்சிகள் தானாக இறங்குவதைக் குறைத்ததும், பல பெரிய பாட்காஸ்ட்களின் எண்கள் சரிந்தன. கேட்டவர்கள் குறையவில்லை. கேட்காமலே எண்ணப்பட்டவர்கள்தான் குறைந்தார்கள்.

ஆக, இந்த எண் ஒரு தோராயம். இதை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது.

இரண்டு: தளம் தரும் பங்கு

தமிழில் பாட்காஸ்ட் என்று சொல்லப்படுவதில் பாதி உண்மையில் யூடியூபில்தான் நடக்கிறது. அங்கே முழு விளம்பரப் பங்கு வர 1,000 சந்தாதாரர்களும், கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். பிறகு விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு.

4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 8 நிமிடம் கேட்கிறார் என்றால் 30,000 பார்வை. வாரம் ஒன்று வீதம் வருடத்துக்கு 52 அத்தியாயம், அத்தியாயத்துக்கு 577 பார்வை. இது எட்ட முடியாத எண் இல்லை. ஆனால் இதெல்லாம் நுழைவுச் சீட்டுக்கான தகுதி மட்டுமே. காசு அதற்கப்புறம்தான். அமெரிக்காவில் இருந்து பார்ப்பவர்கள் மூலம் வரும் வருமானத்துக்கு கூகுள் அமெரிக்க வரி பிடிக்கும். வரிப் படிவத்தைச் சரியாக நிரப்பினால் இந்தியர்களுக்கு 15 சதவீதம், நிரப்பாமல் விட்டால் இன்னும் அதிகம். புலம்பெயர்ந்த தமிழர்கள் கேட்கும் நிகழ்ச்சி என்றால் இதை மறக்கவே கூடாது.

தளம் தரும் பணத்தில் இன்னொரு வகை, படைப்பை மொத்தமாகக் கொடுப்பது. கூக்கு எஃப்எம், பாக்கெட் எஃப்எம் மாதிரியான ஒலிக்கதை ஆப்கள் கேட்பவரிடம் சந்தாவோ காசோ வாங்குகின்றன. அவற்றுக்கு எழுதுபவர்களும் குரல் கொடுப்பவர்களும் தேவை. இது பாட்காஸ்ட் வருமானம் என்பதைவிடக் கூலி வேலை என்பதே சரி. கூலி என்பது கெட்ட வார்த்தை இல்லை. கேட்பவர் எத்தனை பேர் என்ற கவலை உங்களுக்கு இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் உரிமை யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நடுவில் ஒரு பழைய கதை: இலங்கை வானொலி

இந்த இடத்தில் அண்ணன் குறுக்கே வந்தார். "அப்போ இலங்கை வானொலி எப்படி நடத்தினான்? எங்க வீட்ல அப்பா அதைத்தான் வைப்பார். நம்ம சென்னை ஸ்டேஷனைவிட கொழும்பு சுத்தமா கேட்கும்."

நல்ல கேள்வி. நம் கடற்கரையில் குரலை வைத்துக் காசு பண்ணிய பெரிய உதாரணம் அதுதான். ரேடியோ சிலோன் 1950-ல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. 1952-ல் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு நின்றுபோனது. விளம்பரமும் அதில் கிடையாது. பாட்டு கேட்க வேண்டிய காதுகளும், விளம்பரம் செய்ய வேண்டிய கம்பெனிகளும் ஒரே சமயத்தில் கொழும்புப் பக்கம் திரும்பினார்கள். இந்தியில் அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா ஒரு பற்பசைக்காக நடந்த நிகழ்ச்சி. தமிழில் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் சொந்தக்காரர் குரல் மாதிரி ஆயின.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1957 அக்டோபரில் விவித் பாரதி வந்தது, சினிமாப் பாட்டு திரும்பியது. 1967-ல் விவித் பாரதியில் விளம்பரமும் தொடங்கியது. அதற்கப்புறமும் இலங்கை வானொலியை ஜனங்கள் விரும்பிக் கேட்டார்கள். ஆனால் விளம்பரம் செய்ய நினைத்த இந்தியக் கம்பெனிக்குக் கொழும்பு ஒன்றுதான் வழி என்ற நிலை போய்விட்டது.

இதில் எனக்குப் புரிந்தது இதுதான். அந்தப் பணம் நல்ல குரலுக்கு மட்டும் வந்ததில்லை. வேறு எங்கும் கிடைக்காத காதுகள் அங்கே இருந்தன என்பதற்காக வந்தது. இன்றைக்கு எல்லாக் காதும் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. ஒரு கம்பெனிக்குத் தமிழ்க் காது வேண்டும் என்றால் அது யூடியூபில் மொத்தமாக வாங்கிக்கொள்ளும், நம் 2,000 பேருக்காக வராது. அப்படியானால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த 2,000 பேர் வேறு யாருக்கும் எளிதில் கிடைக்காத காதுகளாக எங்கே இருக்கிறார்கள்?

மூன்று: உள்ளூர் ஸ்பான்சர்

மாமல்லபுரத்தைப் பற்றி வாரா வாரம் இருபது நிமிடம் கேட்கிற ஆள் யார்? இங்கே வரப் போகிறவர், அல்லது வந்துவிட்டுப் போனவர். அவரை யாருக்குத் தேவை? பெரிய சோப்புக் கம்பெனிக்குத் தேவையில்லை. ஐந்து ரதம் சாலையில் சிற்பப் பட்டறை வைத்திருப்பவருக்குத் தேவை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பத்து அறை வைத்து விடுதி நடத்துபவருக்குத் தேவை. இவர்களிடம் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பேசினால் சிரிப்பார்கள். அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று ஒரே விலை சொல்ல வேண்டும்.

எவ்வளவு சொல்வது? இதற்கு அரசாங்கமே ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. சமூக வானொலிகள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கேட்பவை. இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலியான அண்ணா எஃப்எம் 2004 பிப்ரவரியில் நம் பக்கத்திலேயே, அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. அதன் இருபதாவது ஆண்டில், 2024 பிப்ரவரியில், மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக உயர்ந்தது. அரசு விளம்பரத்துக்கான விலை 10 நொடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக உயர்ந்தது.

ஆக, 30 நொடிக்கு 222 ரூபாய். சின்ன வட்டத்துக்குள் கேட்கும் குரலுக்கு அரசாங்கம் போட்ட விலை இது. இதையே நம் ஆரம்ப விலையாக வைப்போம். அத்தியாயத்தின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று முறை சொன்னால் 666 ரூபாய். மாதம் நான்கு அத்தியாயத்துக்கு 2,664 ரூபாய். ஆயிரத்துக்குக் கணக்குப் போட்ட 1,360-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதே 2,000 பேருக்கு. வானொலி விளம்பரம் காற்றோடு போய்விடும். பாட்காஸ்ட்டில் பழைய அத்தியாயத்தை மூன்று வருஷம் கழித்து ஒருவர் கேட்டாலும் அந்தப் பட்டறையின் பெயர் காதில் விழும். பேரம் பேசும்போது இதைச் சொல்லலாம்.

இரண்டு எச்சரிக்கை. காசு வாங்கிக்கொண்டு பேசினால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். விளம்பரத் தரக் கழகமான ஏஎஸ்சிஐ 2021-ல் வகுத்த விதிகளில் ஒலி ஊடகத்துக்குத் தனியாகவே இருக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும், இடைவேளைக்கு முன்னும் பின்னும் இது விளம்பரம் என்று குரலில் அறிவிக்க வேண்டும். அடுத்தது, பணத்துக்குப் பதில் பொருள். விடுதிக்காரர் இரண்டு நாள் இலவசமாகத் தங்கச் சொல்வார், சிற்பி ஒரு பிள்ளையாரைத் தூக்கித் தருவார். அதுவும் வருமானம்தான். 2022 ஜூலையிலிருந்து, வருடத்தில் 20,000 ரூபாயைத் தாண்டி இப்படிப் பொருளாகவோ சலுகையாகவோ கொடுக்கும் பெரிய நிறுவனங்கள் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். சின்னப் பட்டறைக்காரருக்கு இந்தக் கடமை இல்லை. ஆனால் வாங்கிக்கொண்ட உங்கள் கணக்கில் அது வரத்தான் வேண்டும்.

நான்கு: கேட்பவரே தருவது

பேட்ரியான் 2013-ல் தொடங்கியது. ரசிகர் மாதா மாதம் ஒரு தொகை தருவார். ஆப்பிள் 2021-ல் பாட்காஸ்ட் சந்தாவைக் கொண்டுவந்தது. முதல் வருடம் 30 சதவீதம் ஆப்பிளுக்கு, அதே சந்தாதாரர் தொடர்ந்தால் பிறகு 15 சதவீதம். வெளிநாட்டில் இது நன்றாக ஓடுகிறது.

இந்தியாவில் ஓடாததற்கு ஜனங்களின் கஞ்சத்தனம்தான் காரணம் என்பார்கள். எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பணம் பிடித்தல் விதிகள் அமலுக்கு வந்தபோது, கார்டில் மாதா மாதம் கழியும் பல வெளிநாட்டுச் சந்தாக்கள் பாதியில் அறுந்தன. வாடிக்கையாளரின் பாதுகாப்புக்கு நல்ல விதி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஐந்து டாலர் தர மனம் உள்ளவருக்கும் வழி கரடுமுரடானது. அதே நாட்டில் டீக்கடையில் பத்து ரூபாயை யுபிஐயில் தருகிறோம். நம் ஆள் மாதச் சந்தா கட்டத் தயங்குவார், மனசு நிறைந்த அந்த நிமிடத்தில் ஐம்பதோ நூறோ தட்டிவிடுவார். தமிழ்ப் பாட்காஸ்ட்டுக்குக் கல்லாப்பெட்டி என்றால் அது ஒரு கியூஆர் கோடுதான். 2,000 பேரில் நூற்றுக்கு ஒருவர், அதாவது 20 பேர், மாதம் 100 ரூபாய் தந்தால் 2,000 ரூபாய்.

கேட்காமல் யாரும் தர மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தியாயத்தின் முடிவில், கூச்சப்படாமல், இந்தப் பணம் எதற்குப் போகிறது என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

ஐந்து: பாட்காஸ்ட் வாசல், கடை உள்ளே

கடைசி வகை, பாட்காஸ்ட்டுக்காகக் காசு வாங்காமல், பாட்காஸ்ட்டைக் கேட்டு வருபவரிடம் வேறு ஒன்றை விற்பது. மருத்துவர், வக்கீல், ஆடிட்டர் எல்லாரும் யூடியூபில் பேசுவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

அண்ணனிடம் விற்க ஏற்கெனவே ஒரு சரக்கு இருக்கிறது. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறுமுன், எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு. ஆளுக்கு 500 ரூபாய். ஒரு நடைக்கு 4,000, மாதம் 8,000 ரூபாய். இதற்குத் தேவை 16 பேர். 2,000 பேரில் 125-க்கு ஒருவர்.

இப்போது ஒரே 2,000 பேரை வைத்து, மாதத்துக்கு ஒரு காதின் மதிப்பைப் பாருங்கள்:

- ஆயிரத்துக்குக் கணக்குப் போடும் விளம்பரம்: 68 பைசா
- யுபிஐ அன்பளிப்பு: 1 ரூபாய்
- உள்ளூர் ஸ்பான்சர்: 1 ரூபாய் 33 பைசா
- காலை நடை: 4 ரூபாய்

எல்லாம் சேர்ந்தாலும் மாதம் 14,000 ரூபாய். லட்சம் இல்லை. அதுவும் 2,000 பேர் சேர்ந்த பிறகு. பயிற்சி விளம்பரம் காட்டிய உலகத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் இதுதான். ஆனால் கவனியுங்கள், எல்லாரும் முதலில் ஓடும் வழிதான் மதிப்பில் அடியில் இருக்கிறது. எண்ணிக்கையைப் பெருக்கத் தேவையில்லாத வழிகள்தான் மேலே இருக்கின்றன. சின்ன நிகழ்ச்சி நடத்துபவர் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று தினமும் பார்த்து மனசு ஒடிவதைவிட, கேட்கிறவர் யார், அவருக்கு என்ன தேவை என்று யோசிப்பது நல்லது.

எல்லாருக்கும் இந்த வாசல் இருக்கிறதா?

இல்லை. இதை மறைத்தால் நானும் அந்த விளம்பரக்காரர் மாதிரிதான். கதை சொல்பவருக்கு விற்க வேறு சரக்கு இல்லை, கதைதான் சரக்கு. அவர்களுக்குத் தளக் கூலியும், ஒலிநூல் ஒப்பந்தங்களும், அன்பளிப்பும்தான் மிச்சம். இதில் உரிமைப் பிரச்சினை வேறு வரும்.

நம் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 வருடம் வரை உரிமை உண்டு. கல்கி 1954-ல் மறைந்தார். அவருடைய எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமையும் ஆக்கிவிட்டது. அதனால்தான் பொன்னியின் செல்வனைத் தீபிகா அருணின் கதை ஓசை உட்படப் பலர் ஒலிவடிவில் தர முடிகிறது. மாமல்லபுரமும் வரும் சிவகாமியின் சபதத்தையும் யாரும் வாசிக்கலாம். ஆனால் 2015-ல் மறைந்த ஜெயகாந்தனை அனுமதியில்லாமல் வாசித்துவிட்டுப் பக்கத்தில் கியூஆர் கோடு வைக்க முடியாது. ஒலி உரிமை என்பது நமக்குப் புதிய தகராறும் இல்லை. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949-ல்தான் அதை அரசு எடுத்துக்கொண்டது. பின்னணிக்குச் சினிமா இசை போடுவதும் இதே கதைதான். விளம்பரப் பங்கு இசைக் கம்பெனிக்குப் போய்விடும், சில சமயம் நிகழ்ச்சியே காணாமல் போகும்.

வாசல் இருப்பவருக்கும் ஒரு ஆபத்து உண்டு. ஒவ்வொரு அத்தியாயமும் 'என்னோடு நடக்க வாங்க' என்பதற்கான நோட்டீஸ் ஆகிவிட்டால் கேட்பவர் ஓடிவிடுவார். இருபது நிமிடத்தில் பத்தொன்பது நிமிடம் எந்த உள்நோக்கமும் இல்லாமல் நல்ல விஷயம் சொல்ல வேண்டும். மாமல்லபுரத்துக்கு ஒருபோதும் வரப் போகாத டொராண்டோக்காரருக்கும் அது பயன்பட வேண்டும்.

செலவு

செலவுப் பக்கம் சின்னது. போன் இருக்கிறது. சட்டையில் குத்தும் மைக் ஓராயிரம், இரண்டாயிரத்துக்குள் கிடைக்கும். கோப்பை ஏற்றி வைக்க ஸ்பாட்டிஃபையின் இலவசச் சேவை போதும். உண்மையான செலவு நேரம். இருபது நிமிட அத்தியாயத்துக்குத் தயாரிப்பு, பதிவு, வெட்டி ஒட்டல் எல்லாம் சேர்த்து ஒரு முழு நாள் போகும். மாதம் நான்கு நாள். அந்த நான்கு நாளில் வழிகாட்டி வேலையில் எவ்வளவு வந்திருக்கும் என்பதுதான் உண்மையான முதலீடு. அதனால் சீசன் மந்தமான ஏப்ரல், மே மாதங்களில் பத்து அத்தியாயத்தை மொத்தமாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, கூட்டம் வரும் டிசம்பர், ஜனவரியில் வெளியிடச் சொன்னேன்.

பிறகு என்ன ஆயிற்று

அண்ணன் இந்தக் கணக்கு முழுவதையும் கேட்டுவிட்டு அமைதியாக இருந்தார். பிறகு எதிரே பாறையைக் காட்டினார். அர்ச்சுனன் தபசில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, கையைத் தூக்கித் தவம் செய்யும், சுற்றி எலிகள் இருக்கும். பார்த்திருப்பீர்கள்.

"மாசம் ஒரு லட்சம்னு சொன்னவன் அந்தப் பூனை. நான் எலி. அதானே?"

35,000 ரூபாய் கட்டவில்லை. முதல் அத்தியாயத்தைக் கடற்கரைக் கோயில் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்தார். காற்றுச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. இரண்டாவது முறை என் காரில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியை அணைத்துவிட்டு, வியர்த்துக்கொட்டப் பேசினார். பூனையைப் பற்றித்தான். பதினெட்டு நிமிடம். அது இது அர்ச்சுனனா பகீரதனா என்ற பழைய சண்டைக்குள் போய், கடைசியில் ஒரு சின்னச் சிரிப்போடு முடிந்தது.

இதுவரை நாலு அத்தியாயம் போயிருக்கிறது. ஒன்றுக்கு நூற்றுப் பத்து, நூற்றிருபது பேர் கேட்கிறார்கள், அதில் பாதி அவருடைய சொந்தக்காரர்களாக இருக்கும். விளம்பர வருமானம் பூஜ்யம். யுபிஐயில் 350 ரூபாய். போன ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து ஒரு குடும்பம், நாலு பேர், "அந்தப் பூனையைக் காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கு 500 ரூபாய் தந்தார்கள். முட்டி வலி தெரியாமல் இரண்டு மணி நேரம் நடந்தாராம்.

மைக்குக்குப் போட்ட காசு வந்துவிட்டது. அடுத்த அத்தியாயம் வெண்ணெய் உருண்டைக் கல் என்கிறார். கார் என்னுடையதுதான்.